வெளியுணவும் உடல் எடையும் (தூத்துக்குடி)

தூத்துக்குடிக் குடும்பங்களின் வெளியுணவு பெரும்பாலும் இரவு உணவு; அதிலும் முதலிடம் பரோட்டாவுக்கு. ஊர்வழக்கில் ‘நைட் கிளப்’ எனப்படும் பரோட்டாக் கடைகளில் பொழுது சாய்ந்த பிறகுதான் கூட்டம் சேரும். துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்ட் வேலை. விசைப்படகுக்காரர்கள் விடியுமுன் கடலுக்குப் போய் இரவில் கரை திரும்புகிறார்கள். இத்தகைய ஊரில் வீட்டார் அனைவரும் ஒரே வேளையில் சோற்றுக்கு உட்காருவது எளிதல்ல.

குடும்பமாகக் கடைக்குப் போவது விடுமுறை நாளில்தான். மற்ற நாட்களில் பார்சல்: இலையில் மடித்த பரோட்டா, கட்டிக் கொடுத்த சால்னா, நறுக்கிய வெங்காயம். ‘வெளியில் சாப்பிடுவதுண்டா?’ என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும், சாப்பிட்டது வீட்டில்தானே. ஆகவே எங்கே உண்டார்கள் என்பதைவிட எங்கே சமைத்தது என்று கேட்பதே இங்கு சரியான அளவுகோல்.

பரோட்டாவில் எண்ணெய் ஒரே இடத்தில் சேர்வதில்லை. மைதா பிசையும்போது கொஞ்சம், உருண்டைகளை ஊறவைக்கும்போது கொஞ்சம், வீசும் பலகையில் கொஞ்சம், கல்லில் மறுபடியும். பொரிச்ச பரோட்டா என்றால் எண்ணெயிலேயே முக்கி எடுப்பது. ஒரு கிராம் மாவுச்சத்தில் சுமார் 4 கிலோகலோரி, கொழுப்பில் 9. மைதாவில் நார்ச்சத்து குறைவு. பிய்த்துப் போட்டுச் சால்னாவில் ஊறவிட்டால் மெல்லவும் அதிகம் வேண்டியதில்லை. வயிறு நிறைந்தது தெரியுமுன் நாலாவது பரோட்டா இலைக்கு வந்துவிடுகிறது. ஊரின் பேர்பெற்ற மக்ரூன் முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்தது என்றாலும், அன்றாட உணவல்ல என்பதால் அதன்மேல் பழி போடுவது நியாயமில்லை.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உடல் எடைக் குறியீடு 25 அல்லது அதற்கு மேல் உள்ள பெண்கள் 2015–16இல் 30.9 விழுக்காடு, 2019–21இல் 40.4. ஆண்கள் 28.2இலிருந்து 37.0 ஆனார்கள். அகில இந்திய அளவில் 2019–21இல் பெண்கள் 24.0, ஆண்கள் 22.9 மட்டுமே. இந்த உயர்வு முழுவதையும் கடைச் சாப்பாட்டின் கணக்கில் எழுத முடியாது: வருமானம் கூடினால் வெளியுணவும் கூடும், இருசக்கர வண்டியும் வரும், உடலுழைப்பும் குறையும்.

வெளியுணவால் எடை கூடுகிறதா என்ற கேள்வி அமெரிக்காவின் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களைப் பற்றியும் எழுந்துள்ளது. அந்நாட்டில் 2017–18இல், மெக்சிகோ வம்சாவளியினரும் அடங்கிய ஹிஸ்பானியப் பெரியவர்களில் 44.8 விழுக்காட்டினர் உடற்பருமன் கொண்டவர்கள். அங்கே அளவுகோல் குறியீடு 30; மேலே சொன்ன தமிழ்நாட்டு எண்களுக்கு 25; இந்தியருக்கு மருத்துவர்கள் 23இலேயே எச்சரிக்கிறார்கள். எனவே இரு நாட்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பொருந்தாது.

மீண்டும் இங்குள்ள கடைகளுக்கு வந்தால், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவகங்கள் பட்டியலில் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. ஒரே கல்லை வைத்து நடத்தும் தெருமுனைப் பரோட்டாக் கடைக்கு அந்த விதி பொருந்தாது.