துணிந்த கோடும் பின்னிருக்கையும்: தமிழ்நாட்டில் உருவான குடும்பக் கார்களின் வடிவ வரலாறு (1961–2023)

மோட்டார் வாகனத் தொழிலில் ‘கருத்துருக் கார்’ எனப்படுவது, விற்பனைக்கென்று அல்லாமல், ஒரு நிறுவனத்தின் வடிவமைப்பாளர்களுடைய கற்பனை எத்திசையில் செல்கிறது என்பதைக் கண்காட்சி அரங்கில் காட்டுவதற்காக ஓரிரு படிகள் மட்டும் செய்யப்படும் வண்டியாகும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் வடிவமைப்புப் பிரிவை நடத்திய ஹார்லி எர்ல் 1938இல் உருவாக்கிய ‘பியூக் ஒய்-ஜாப்’ இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது. இத்தகைய வண்டிக்குச் சக்கரம் பெரிதாகவும் கூரை தாழ்வாகவும் கண்ணாடி குறுகியும் இருந்தாலும் கேட்பாரில்லை; அதன் பின்னிருக்கையில் எவரும் நாள்தோறும் ஏறி இறங்கப்போவதில்லை. டிக்கி தனியே பிரிந்து நிற்கும் நான்கு கதவுக் காராகிய செடானோ இதற்கு நேர்மாறானது. விலை, எரிபொருள் செலவு, பழுதுபார்ப்பு, மூத்தோர் வசதி என்று குடும்பத்தின் எல்லாக் கணக்குகளுக்கும் அது பதில் சொல்லியாக வேண்டும். இவ்விரண்டும் ஒரே தகட்டில் சந்தித்த நிகழ்வுகள் தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றில் சில உண்டு. கார் ஆலை எதுவும் இல்லாததும், ஆனால் காரைப் புழங்கும் ஊர்கள் நெருங்கி அமைந்ததுமான கன்னியாகுமரி மாவட்டத்தின் பக்கமிருந்து, அதாவது வாங்குவோர், ஓட்டுவோர் பக்கமிருந்து, அந்நிகழ்வுகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தியாவில் 1950களின் இறுதியிலிருந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்காலம் குடும்பக் கார் என்பது பெரும்பாலும் மூன்று பெயர்களுக்குள் அடங்கியிருந்தது. உத்தர்பாராவில் 1957 முதல் தயாரான அம்பாசடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் மறுபிறப்பு. பம்பாயின் பியட் 1100, பின்னாளில் பிரீமியர் பத்மினி ஆயிற்று. மூன்றாவது, சென்னைக்குத் தெற்கே வண்டலூர்–பெருங்களத்தூர் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. முதலிரண்டும் உருண்டு திரண்ட உடலமைப்பு கொண்டவையாக இருக்க, மூன்றாவது மட்டும் கூர்ந்த விளிம்புகளும், நேர்கோடாக ஓடும் இடுப்புவரையும், மெல்லிய கூரைத்தூண்களும் கொண்டு வேறொரு குலத்து வண்டியாகக் காட்சியளித்தது. அவ்வேறுபாட்டுக்குக் காரணம் தூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டி ஆவார். பந்தயக் கார்களுக்கும் செல்வந்தர்களின் தனிக் கார்களுக்கும் உடல் வரைந்து பெயர்பெற்ற ஒருவரின் கை, நடுத்தரக் குடும்பத்துக்கான 948 சிசி எஞ்சின் கொண்ட சிறு காரின்மீது படிந்தது பிரிட்டனிலேயே புதுமை. அவ்வண்டி அங்கு 1959 ஏப்ரலில் அறிமுகமானபோது அதன் தோற்றமே அதன் விளம்பரமாயிற்று.

ஹெரால்டின் துணிவு தோற்றத்தோடு நிற்கவில்லை என்பதும், அதன் கட்டுமானத்துக்குக் காரணம் அழகுணர்ச்சியன்று, வணிக நெருக்கடியே என்பதும் கவனிக்கத்தக்கவை. ஸ்டாண்டர்டு–டிரையம்ப் நிறுவனத்துக்கு உடற்கூடு அடித்துத் தந்துகொண்டிருந்த ஆலை அதன் போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதால், கூரையும் தரையும் பக்கங்களும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே கூடாக வண்டியைச் செய்யும் வழி அடைபட்டது. எனவே தனிச் சட்டகத்தின்மேல் முன்பகுதி, கூரை, பின்பகுதி எனத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பூட்டும் பழைய முறைக்கு அந்நிறுவனம் திரும்பியது. இந்த ஏற்பாடே, உதிரிகளாகக் கப்பலில் வந்திறங்கி உள்நாட்டில் பூட்டப்படும் கார்களுக்கு மிகவும் பொருந்தி வந்தது. மட்கார்டுகளோடு சேர்ந்த பானெட் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறந்துகொள்ள, மெக்கானிக் முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைத் தொடலாம். ஏறக்குறைய 25 அடி விட்டத்துக்குள் திரும்பிவிடும் வளைதிறனும் அதற்கு இருந்தது. கோயில்களைச் சுற்றிய ரத வீதிகளிலும், தோப்புகளுக்கு நடுவே வளைந்து செல்லும் விளவங்கோடு, கல்குளம் வட்டாரச் சாலைகளிலும் இத்தகைய வளைதிறனின் அருமை தெரியும்.

ஆனால் இந்தியக் குடும்பம் இரு கதவுக் காரை ஏற்கவில்லை. முன்னிருக்கையை மடக்கிப் பின்னால் நுழைவது, வேட்டியும் சேலையும் அணிந்த மூத்தோருக்கு இயலாத காரியம். இதற்கு விடையாக 1960களின் பிற்பகுதியில் இங்கு வந்த நான்கு கதவு ஹெரால்டு, பிரிட்டனில் ஒருபோதும் செய்யப்படாத, இந்தியாவுக்கு மட்டுமே உரிய உடலமைப்பாகும். பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அச்சமைப்பும் இந்தியப் பாரத்துக்கும் சாலைக்கும் ஈடுகொடுக்காததால், 1970களின் தொடக்கத்தில் வந்த ‘கசெல்’ என்னும் திருத்திய வடிவத்தில் அது நீக்கப்பட்டு, இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இணைக்கும் பழைய பாணி அச்சு பொருத்தப்பட்டது. முகப்புக் கம்பிவலையும் மாறியது. இத்தாலியக் கோடு அப்படியே இருக்க, அதன் கீழே இருந்தவை ஒவ்வொன்றாக இந்தியத் தேவைக்கு வளைக்கப்பட்டன எனலாம். தமிழ்நாட்டுக் கார்த்தொழிலில் வடிவ அறிவு என்பது முதலில் வெளிப்பட்ட இடம் இதுவே. காகிதத்தில் கோட்டை இழுத்தவர்கள் தூரினில் இருந்தார்கள். அந்தக் கோட்டுக்குள் இரண்டு கதவைக் கூடுதலாக வெட்டி, கூரையின் ஒழுங்கு கெடாமல் வைத்தது இங்கு நிகழ்ந்த மாற்றம்.

அதே நிறுவனம் 1985இல் மீண்டும் துணிந்தது. பிரிட்டனில் 1976இல் வெளிவந்து மறு ஆண்டுக்கான ஐரோப்பியச் சிறந்த கார் விருதைப் பெற்ற ரோவர் எஸ்டி1 காரின் உடலை அது ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற பெயரில் கொண்டுவந்தது. டேவிட் பாச்சின் மேற்பார்வையில் உருவான அவ்வுடல் இத்தாலிய விளையாட்டுக் கார்களின் சாயலை வெளிப்படையாகவே ஏற்றது; ஆனால் அதனுள் வைக்கப்பட்டதோ, பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டு காலத்து எஞ்சினின் வழிவந்த நான்கு சிலிண்டர் எஞ்சின். எண்பதுகளின் இறுதிக்குள் உற்பத்தி நின்றது. இது நடுத்தரக் குடும்பத்துக்கான காரன்று; ஆகவே இவ்வாய்வின் எல்லைக்குச் சற்று வெளியே நிற்பது. எனினும், மேல்தோல் மட்டும் புதிதாக இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தென்னிந்தியாவில் இல்லை.

தாராளமயத்துக்குப் பின் திருவள்ளூரில் மிட்சுபிஷி லேன்சர் (1998), இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆக்சென்ட் (1999 அக்டோபர்), மறைமலைநகரில் ஃபோர்டு ஐகான் (1999 நவம்பர்) என மூன்று செடான்கள் அடுத்தடுத்து வந்தன. இவற்றுள் வடிவத்தால் துணிந்தது என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஐகான், ஐரோப்பிய ஃபியஸ்டா என்னும் வாலில்லாச் சிறு காருக்கு இந்தியாவுக்காக ஒரு டிக்கி ஒட்டியது. அதன் கவர்ச்சி எஞ்சினில் இருந்தது, தகட்டில் இல்லை. வாங்குவோர் அப்போது கேட்டது குளிர்சாதனமும் பவர் ஸ்டீயரிங்கும்தான். அவை கிடைத்து, எல்லா நிறுவனங்களும் அவற்றைத் தரத் தொடங்கிய பிறகே, வேறுபடுத்திக் காட்ட வடிவம் தேவைப்பட்டது.

அத்தேவையின் உச்ச ஆண்டு 2011. அவ்வாண்டு மே மாதத்தில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து புதிய வெர்னாவும், ஜூலையில் மறைமலைநகரிலிருந்து புதிய ஃபியஸ்டா செடானும் வெளிவந்தன. இரண்டுமே கருத்துருக் கார்களின் நேர் வாரிசுகள். ஹூண்டாய் 2009 ஜெனீவா கண்காட்சியில் ‘இக்ஸ்-ஆனிக்’ என்ற கருத்துருவில் காட்டிய, ஓடும் நீரின் நெளிவைத் தகட்டில் கொணர முயலும் ‘ஃப்ளூயிடிக் ஸ்கல்ப்சர்’ என்ற கொள்கை வெர்னாவுக்குள் வந்தது. ஃபோர்டு 2007 ஃபிராங்க்ஃபர்ட்டிலும் அவ்வாண்டு இறுதியில் குவாங்ஜோவிலும் காட்டிய ‘வெர்வ்’ கருத்துருவின் முகமும் உயர்ந்து செல்லும் இடுப்புக்கோடும் ஃபியஸ்டாவில் ஏறக்குறைய அப்படியே இருந்தன. சென்னையின் புறநகரில் ஓரிரு மணி நேரப் பயணத்துக்குள் அமைந்த இரு ஆலைகள் ஒரே கோடையில் இத்தகைய இரு வண்டிகளை வெளியிட்டது இந்திய வடிவ வரலாற்றில் தனித்துச் சொல்லவேண்டிய செய்தி.

ஒன்று ஓடியது, மற்றொன்று நின்றது. இதற்கு அழகின் வெற்றி, தோல்வி என்று விடை சொல்வது எளிது. அது தவறான விடை. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனில் நீக்கப்பட்டு, டீசலுக்கு மட்டும் விலைத்தாங்கல் தொடர்ந்த அக்காலத்தில், வெர்னா வலுவான டீசல் எஞ்சின்களோடு வந்தது. அதன் முதன்மைப் போட்டியாளராகிய ஹோண்டா சிட்டியிடம் அப்போது டீசல் இல்லை. ஃபியஸ்டாவிடமும் டீசல் இருந்தது. ஆனால் அச்சிலிருந்து அச்சுக்குள்ள நீளம் 2489 மில்லிமீட்டர் மட்டுமே. வெர்னாவுக்கு அது 2570. விலை ஒரே தட்டில் இருக்கும்போது பின்னிருக்கையில் முழங்கால் முட்டும் காரை எந்தக் குடும்பமும் தேர்ந்தெடுப்பதில்லை. கருத்துருவின் கோடு ஃபியஸ்டாவின் குறையை மறைக்கவில்லை, காட்டிக்கொடுத்தது. கூரை பின்னோக்கிச் சரியச் சரிய உட்காருவோரின் தலைக்கும் கூரைத்துணிக்கும் இடையிலான வெளி குறைவதால், நீளக்குறைவும் உயரக்குறைவும் ஒரே இருக்கையில் வந்து சேர்ந்தன. வெர்னாவும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்பவில்லை. அதன் பின்னிருக்கைத் தலைவெளி குறித்த முறையீடு அன்றைய மோட்டார் இதழ்களின் விமர்சனங்களில் இடம்பெற்றதே.

வடிவத்தின் செலவை இன்னொரு இடத்திலும் அளக்கலாம்: டிங்கர் பட்டறையில். அம்பாசடரின் தடித்த, உருண்ட மட்கார்டு நசுங்கினால், உள்ளே ஒரு தாங்குக்கட்டையைப் பிடித்து வெளியே சுத்தியலால் தட்டி, பட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடித்து அனுப்பிவிடலாம்; வளைவு சற்று மாறினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஃப்ளூயிடிக் வெர்னாவிலோ முன்கதவின் கைப்பிடி உயரத்தில் எழும் மடிப்பு பின்கதவைக் கடந்து பின்விளக்கு வரை ஓடுவதால், ஒரு கதவில் அம்மடிப்பு இழை அளவு விலகினாலும் வெயிலில் நிற்கும்போது கோடு முறிந்து தெரியும். எனவே தட்டிச் சரிசெய்வதற்கு மாறாகக் கதவின் வெளித்தகட்டையே மாற்றும் வழக்கம் பெருகியது. கடற்காற்றில் உப்புப் படியும் குளச்சல், முட்டம் போன்ற ஊர்களில், தகடு மடிந்த இடத்திலும் பட்டி பூசிய இடத்திலும் துரு முதலில் தலைகாட்டுவதை எந்தப் பட்டறைக்காரரும் அறிவார். கோட்டை இழுத்த வடிவமைப்பாளர் இந்தக் கணக்கைப் போட்டிருக்க வாய்ப்பில்லை.

இடையில் அரசின் வரிக்கொள்கை வேறொரு வகை வடிவத்தைப் பிறப்பித்தது. நிதியமைச்சர் ப. சிதம்பரத்தின் 2006 வரவுசெலவுத் திட்டத்தில், நீளம் 4 மீட்டருக்கு மிகாமலும், எஞ்சின் பெட்ரோலாயின் 1200 சிசி, டீசலாயின் 1500 சிசி அளவுக்கு மிகாமலும் உள்ள கார்களுக்குக் கலால் வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வால் வெட்டப்பட்ட குட்டை டிக்கிச் செடான்கள் என்னும் இந்தியாவுக்கே உரிய இனம் இதனால் தோன்றியது. இருங்காட்டுக்கோட்டையின் எக்சென்ட் (2014), ஆரா (2020) ஆகியவை அவ்வினத்தைச் சேர்ந்தவை. நீளத்தைச் சட்டமும், கூரையுயரத்தைக் குடும்பமும் முன்கூட்டியே முடிவுசெய்துவிட்ட வண்டியில், வடிவமைப்பாளரின் கைக்கு எஞ்சுவது விளக்கும் பம்பரும் மட்டுமே. டாக்சி ஓட்டுநர்கள் இவற்றைப் பெரிதும் விரும்பினர் என்பது வேறு. வடிவ வரலாற்றுக்கு இவற்றால் ஆனது சிறிது.

துணிவு திரும்பியது 2023 மார்ச்சில். ஹூண்டாய் 2018 ஜெனீவாவில் ‘லெ ஃபில் ரூஜ்’ என்ற கருத்துருவின் வழியே அறிவித்த புதிய வடிவக்கொள்கையின் வழித்தோன்றலாக, முன்புறம் முழு அகலத்துக்கும் ஒரே ஒளிக்கோடும், பின்புறம் விளிம்பிலிருந்து விளிம்பு வரை இணைந்த சிவப்பு விளக்கும், பக்கத்தில் முக்கோணமாக வெட்டப்பட்ட தகடும் கொண்ட புதிய வெர்னா இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்தது. இதன் அளவுகளைப் பழையவற்றோடு ஒப்பிடுவது இவ்வாய்வின் மையமான செய்தியைத் தருகிறது. 2011 வெர்னாவின் நீளம் 4370, அகலம் 1700, அச்சிடை நீளம் 2570 மில்லிமீட்டர். 2017இல் இவை முறையே 4440, 1729, 2600 ஆயின. 2023இல் 4535, 1765, 2670. ஆனால் மூன்று தலைமுறையிலும் உயரம் 1475 மில்லிமீட்டர்தான். கூரையை உயர்த்தாமலேயே உடலை நீட்டியும் அகட்டியும், அச்சிடை நீளத்தில் கூடுதலாகக் கிடைத்த 100 மில்லிமீட்டரில் பெரும்பங்கைப் பின்னிருக்கைக்குத் தந்தும், சரிவான கூரையைக் குடும்பத்துக்கு ஏற்கத்தக்கதாக்கினர். சற்றே தடித்துச் சொன்னால், 2011இல் வரைபடம் இருக்கையை நெருக்கியது. 2023இல் இருக்கைக்கு இடம் ஒதுக்கிய பிறகு வரைபடம் வந்தது.

இருப்பினும் உயரம் குறித்த முறையீடு தீரவில்லை. அம்பாசடரின் கூரை தரையிலிருந்து சுமார் 1600 மில்லிமீட்டர். இருக்கையும் நாற்காலி உயரத்தில் இருந்ததால், முழங்கால் வலியுள்ள ஒருவர் அப்படியே பின்புறமாக உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துவைத்தால் போதும். தாழ்ந்த செடானில் அவர் குனிந்து இறங்கி, கைப்பிடியைப் பற்றி எழவேண்டும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்தே 2015 முதல் வரும் க்ரெட்டா போன்ற உயர்ந்த வண்டிகள் செடானின் இடத்தைப் பிடித்ததற்கு மேடுபள்ளச் சாலைகளையும் தோற்ற மோகத்தையும் மட்டும் காரணமாகக் காட்டுவது முழுமையன்று. அம்பாசடரோடு தொலைந்துபோன இருக்கையுயரம் வேறு உருவில் மீண்டும் கிடைத்தது என்பதும் ஒரு காரணம். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, மறைமலைநகர் ஆலையில் வேலை 2022இல் முடிவுற்றதால், 2011இன் இரு துணிச்சல்களில் ஒன்றுக்கு வழித்தோன்றலே இல்லாமற்போயிற்று.

மேற்சொன்ன வண்டிகளில் உடலமைப்பின் அடிப்படை மாற்றம் இந்தியாவுக்கென்றே செய்யப்பட்ட துணிச்சலான வடிவம் நான்கு கதவு ஹெரால்டு ஒன்றே. மிக்கெலோட்டியின் வரைபடங்களைப் பற்றி ஐரோப்பாவில் நூல்கள் உள்ளன; பெருங்களத்தூரில் அக்கூரைக்கு நான்கு கதவு பொருத்தியவர்களின் பணியோ பதிவின்றிக் கிடக்கிறது. அவ்வண்டிகளைப் பாதுகாத்து வைத்திருப்போரும், அந்நிறுவனத்தில் பணியாற்றியோரின் குடும்பத்தினரும், பட்டறைப் புத்தகங்கள், உதிரிப் பட்டியல்கள், வரைபடங்கள் முதலியவற்றைக் காகிதக் கடைக்கு எடைக்குப் போடும் முன், ஏதேனும் பல்கலைக்கழக நூலகத்திலோ அரசு ஆவணக் காப்பகத்திலோ ஒப்படைக்க முன்வர வேண்டும்.