தோலுரித்த மரமும் 22 அங்குலக் கண்ணாடியும்

1852ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அகஸ்டஸ் டவுட் என்ற வேட்டைக்காரர் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைக்காட்டில் காயம்பட்ட கரடி ஒன்றைத் துரத்திக்கொண்டு போனார். போன வழியில் ஒரு மரத்தைப் பார்த்ததும் கரடியை மறந்து நின்றுவிட்டார். மரத்தின் அடிப்பகுதி மட்டும் சுமார் 25 அடி அகலம்! முகாமுக்குத் திரும்பிச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. பிரம்மாண்டமான கரடியைச் சுட்டு வீழ்த்தியிருக்கிறேன் என்று பொய் சொல்லித்தான் ஆட்களை அங்கே கூட்டிப்போனார் என்று ஒரு கதை உண்டு. கரடி என்றால் நம்புவார்கள், மரம் என்றால் நம்ப மாட்டார்கள்!

இன்று ஜெயண்ட் செக்வோயா என்று அழைக்கப்படும் இந்த மரங்களுக்கு ஆரம்பத்தில் இருந்த பெரிய ஆபத்தே இந்த அவநம்பிக்கைதான். நம்பாதவர்களுக்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் காட்ட மரத்தை ஊருக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த ஆண்டே டவுட் பார்த்த மரத்தை வெட்டிவிட்டார்கள். அவ்வளவு பெரிய ரம்பம் இல்லாததால் நீண்ட துளைக்கருவிகளை வைத்துச் சுற்றிலும் துளை போட்டார்கள். 5 பேர், 22 நாள் வேலை. மிஞ்சிய அடிக்கட்டையை நடன மேடையாக்கினார்கள். சாய்ந்து கிடந்த மரத்தின் மேல் பந்து உருட்டி விளையாடும் கூடம் கட்டினார்கள்.

1854இல் நடந்தது இதைவிடக் கொடுமை. 'காட்டின் தாய்' என்று பெயரிடப்பட்ட இன்னொரு மரத்துக்குச் சாரம் கட்டி, 116 அடி உயரம் வரை பட்டையை உரித்தார்கள். உரித்த துண்டுகளைக் கப்பலில் ஏற்றி நியூயார்க்குக்கும், பிறகு லண்டனுக்கும் அனுப்பி, அங்கே மறுபடி மரம் போலவே அடுக்கிக் காட்சிக்கு வைத்தார்கள். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நின்ற அந்தப் பட்டைக்கூடு 1866 டிசம்பரில் நடந்த தீ விபத்தில் எரிந்துபோனது. மலையில் நின்ற நிஜ மரமும் பட்டை இழந்து பட்டுப்போனது. இத்தனைக்குப் பிறகும் துண்டு துண்டாக ஒட்டிய மரத்தை யார் நம்புவார்கள்? பலர் ஏமாற்று வேலை என்றே சொன்னார்கள்.

மரத்தைக் கொல்லாமல் ஊருக்குக் கொண்டுவர ஒரு வழியைக் காட்டியவர் கார்ல்டன் வாட்கின்ஸ். 1829இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். தங்க வேட்டைக் காலத்தில் கலிஃபோர்னியாவுக்கு வந்து புகைப்படக்காரரானார். 1861இல் அவர் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்கும் அதற்குத் தெற்கே உள்ள மாரிபோசா தோப்புக்கும் கொண்டுபோன கேமரா, கடையில் வாங்கியது அல்ல. தச்சரிடம் சொல்லிச் செய்த பெட்டி. உள்ளே போகும் கண்ணாடித் தகடு 18 அங்குலத்துக்கு 22 அங்குலம். 'மாமத் பிளேட்' என்று இந்த அளவுக்குப் பெயர்.

இவ்வளவு பெரிய தகடு எதற்கு? காரணம் எளிமையானது. அந்தக் காலத்தில் நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடுவது நடைமுறைக்கு ஒத்துவராத காரியம். நெகட்டிவைத் தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால் அதே அளவில்தான் படம் கிடைக்கும். பெரிய படம் வேண்டுமா, பெரிய நெகட்டிவ் எடுக்க வேண்டும். பெரிதாக்காத படம் என்பதால் மரப்பட்டையின் வரிகள், முறிந்த கிளை நுனி என எல்லாமே துல்லியமாக விழும்.

அதற்குக் கொடுத்த விலை உடல் உழைப்பு. 'ஈரக் கொலோடியன்' முறையில் கண்ணாடியின் மேல் பிசுபிசுப்பான கரைசலைச் சமமாக ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கழுவியும் விட வேண்டும். அதாவது காட்டுக்குள் கேமராவோடு ஒரு இருட்டறையும் போக வேண்டும்! கூடாரம், கண்ணாடிகள், ரசாயனப் புட்டிகள் எல்லாம் சேர்ந்து ஒரு டன் கனம் என்பார்கள். அத்தனையும் கோவேறு கழுதைகளின் முதுகில் போனது. அந்தப் பயணத்தில் வாட்கின்ஸ் கொண்டுவந்த பெரிய தகடுகள் 30.

அதில் ஒன்றுதான் 'கிரிஸ்லி ஜெயண்ட்' என்ற மரத்தின் படம். உயரம் 200 அடிக்கு மேல், வயது ஏறக்குறைய 3000 ஆண்டுகள். மரத்தடியில் கேலன் கிளார்க் என்ற மனிதர் நிற்கிறார். முதல் பார்வையில் அவர் கண்ணில் படவே மாட்டார். அவரைக் கண்டுபிடித்த பிறகுதான் மரத்தின் அளவே புரிகிறது. அளவுகோலாக மனிதனை நிறுத்துவது சாதாரண யோசனைதான். ஆனால் 116 அடி பட்டையால் முடியாததை அது செய்தது.

1862 டிசம்பரில் இந்தப் படங்கள் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தன. உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1864இல், கலிஃபோர்னியா செனட்டர் ஜான் கானஸ் யோசெமிட்டி பள்ளத்தாக்கையும் மாரிபோசா தோப்பையும் காக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். அவர் செனட்டில் சொன்ன ஒரு விஷயம் முக்கியமானது. மரத்தின் துண்டுகளை லண்டன் கண்காட்சிக்கு அனுப்பியபோது, இது அமெரிக்கர்கள் ஜோடித்த பொய் என்று ஆங்கிலேயர்கள் சொல்லிவிட்டார்களாம்! அந்த அவமானமும் மசோதாவுக்குள் இருந்தது. 1864 ஜூன் 30 அன்று லிங்கன் கையெழுத்திட்டார். இயற்கை அழகுக்காக ஒரு நிலத்தை அமெரிக்க அரசு நிரந்தரமாக ஒதுக்கிய முதல் சட்டம் அது. லிங்கன் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார் என்று பலர் எழுதுகிறார்கள். அது கொஞ்சம் அலங்காரம். வாஷிங்டனில் இருந்தவர்களில் அந்த மரங்களை நேரில் பார்த்தவர்கள் மிகச் சிலரே, படங்களோ இரண்டு வருடமாகப் பேசப்பட்டு வந்தன என்று சொன்னாலே போதும்.

வாட்கின்ஸின் கடைசிக் காலம் சோகமானது. 1870களில் கடனில் மூழ்கி நெகட்டிவ்களை இழந்தார். வேறொருவர் அவற்றைத் தன் பெயரில் அச்சிட்டு விற்றார். மறுபடி மலையேறி மறுபடி எடுத்தார். அப்படிச் சேர்த்ததும் 1906 சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தைத் தொடர்ந்த தீயில் போனது. பார்வையும் ஏறக்குறைய போய்விட்டிருந்தது. 1910இல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1916 ஜூனில் அங்கேயே இறந்தார். அதே 1916இல்தான் 14 வயதுப் பையன் ஒருவன் கையில் சின்ன கோடாக் பெட்டிக் கேமராவோடு முதல் முறையாக யோசெமிட்டிக்கு வந்தான். அவன் பெயர் ஆன்செல் ஆடம்ஸ்.

இருவருக்கும் நடுவில் தொழில்நுட்பம் வெகுவாக மாறியிருந்தது. கொலோடியனுக்கு நீலமும் புற ஊதாவும்தான் தெரியும். பச்சை, சிவப்பு எல்லாம் கிட்டத்தட்ட இருட்டு. மரத்தைப் படமெடுப்பவருக்கு இதைவிடத் தொல்லை உண்டா? பச்சை இலைகள் கருப்புத் திட்டாகும், செக்வோயாவின் செம்பழுப்புப் பட்டை கரி போல ஆகும், வானம் வெறும் வெள்ளையாகும். 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், சாயம் கலந்தால் பிற நிறங்களையும் உணரவைக்கலாம் என்று கண்டுபிடித்தார். 20ஆம் நூற்றாண்டில் எல்லா நிறங்களையும் உணரும் 'பான்குரோமாட்டிக்' தகடுகளும், பிறகு ஃபிலிம்களும் வந்தன. கண்ணாடிக்குப் பதில் தாள் போன்ற ஃபிலிம். 8க்கு 10 அங்குலம் என்பது பிரபலமான அளவு. 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் ஒரு படத்தைவிட இதன் பரப்பு சுமார் 60 மடங்கு.

மரத்துக்கு இந்தக் கேமரா ஏன் இவ்வளவு பொருந்துகிறது? சாதாரணக் கேமராவை அண்ணாந்து பிடித்தால் மரங்கள் எல்லாம் பின்னால் சாய்வது போல விழும். துருத்தி வைத்த பெரிய கேமராவில் பின்பகுதியை நேராக வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் மேலே உயர்த்தலாம். தண்டுகள் நிமிர்ந்தே நிற்கும். அதோடு ஒவ்வொரு ஃபிலிமும் தனித்தாள் என்பதால் ஒவ்வொன்றையும் அதன் வெளிச்சத்துக்கு ஏற்ப தனியாகக் கழுவலாம். வெயிலும் நிழலும் சிதறிக் கிடக்கும் காட்டுக்குள் இது பெரிய வரம். ஆடம்ஸ் 1940 வாக்கில் ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து வகுத்த 'ஸோன் சிஸ்டம்' இந்த வசதியை ஒரு முறையாக்கியது.

அதன் பலனைப் பார்க்க 1958இல் அவர் வடக்கு நியூ மெக்சிகோவில் எடுத்த ஆஸ்பென் மரப் படங்கள் போதும். இலையுதிர் காலம், மலை நிழலில் மஞ்சள் இலைகள். அடர்மஞ்சள் வடிகட்டி போட்டதும் நீல வான ஒளி மட்டும் படும் நிழல்கள் கருத்துவிட்டன, இலைகள் வெள்ளியாக எரிகின்றன. வாட்கின்ஸின் தகட்டில் இதே இலைகள் நேர் தலைகீழாகக் கருத்திருக்கும். ஆஸ்பென் இலைக்காம்பு தட்டையானது, லேசான காற்றுக்கே நடுங்கும். எக்ஸ்போஷர் முடியும்வரை காற்று பொறுத்திருக்க வேண்டும்! அந்த விஷயத்தில் 1861க்கும் 1958க்கும் வித்தியாசமே இல்லை.

ஆடம்ஸும் படங்களோடு வாஷிங்டன் போனவர்தான். 1936இல் கிங்ஸ் கேன்யன் பகுதியைத் தேசியப் பூங்காவாக்கக் கேட்டு எம்.பி.க்களைச் சந்தித்தார். 1938இல் சியரா நெவாடா பற்றிய படத்தொகுப்பு வந்தது. 1940இல் பூங்கா அமைந்தது.

இந்தக் கதையில் இருட்டில் விடப்பட்ட ஒரு பகுதி உண்டு. வாட்கின்ஸ் போவதற்கு 10 ஆண்டுகளுக்கு முன்பு, 1851இல், ஆயுதப் படை ஒன்று யோசெமிட்டிக்குள் நுழைந்து அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்களை விரட்டியது. அந்த மண்ணின் மக்கள் அடிக்கடி சிறு தீ மூட்டிப் புதர்களை எரித்து வந்தவர்கள். பழைய படங்களில் மரத்தடிகள் அவ்வளவு திறந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மனிதர் காலடி படாத காடு என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொண்டார்கள். காப்பாற்றுகிறோம் என்று நினைத்து ஒவ்வொரு தீயையும் அணைத்தார்கள். செக்வோயாவின் காய் வெடித்து விதை கொட்டவும், விதை முளைக்க வெற்று மண் கிடைக்கவும் தீ வேண்டும் என்பது 1960களில்தான் ஆய்வாளர்களுக்கு உறைத்தது. அதை எல்லோருக்கும் புரியவைத்ததும் படங்கள்தான். மாரிபோசா தோப்பில் ஒரே இடத்தை 1890இலும் 1970இலும் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்தார்கள். பழையதில் தெளிவாகத் தெரிந்த செக்வோயாக்கள் புதியதில் ஃபர் மரங்களின் நெரிசலுக்குள் மறைந்திருந்தன. 1971 முதல் அங்கே திட்டமிட்டுச் சிறு தீ வைக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் அந்த வேலை எல்லாத் தோப்புகளிலும் நடக்கவில்லை. 2020, 2021 ஆண்டுகளின் காட்டுத்தீக்கள் உலகில் இருந்த பெரிய செக்வோயாக்களில் 13 முதல் 19 சதவீதத்தைக் கொன்றுவிட்டன என்பது பூங்காத் துறையின் கணக்கு. 2022 ஜூலையில் மாரிபோசா தோப்பையே தீ நெருங்கியது. கேலன் கிளார்க் நின்ற அதே மரத்தடியில் தண்ணீர் தெளிப்பான்களை வைத்தார்கள். முன்பே எரித்துச் சுத்தப்படுத்திய பகுதிகளுக்கு வந்ததும் தீ அடங்கியது. கிரிஸ்லி ஜெயண்ட் பிழைத்தது.