கூலியில்லா ஒற்றர்கள்

1999 ஜூன் மாதம் அமெரிக்காவில் நாப்ஸ்டர் வெளிவந்தது. முன்பின் அறியாதவர்கள் தம் கணினியிலிருந்த பாடல்களை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள அது வழி செய்தது. இசை நிறுவனங்கள் இதைத் திருட்டு என்றன. அவ்வாண்டு டிசம்பரிலேயே வழக்குத் தொடுத்தன. 2001 ஜூலையில் நாப்ஸ்டர் நின்றது. அதன் இடத்தைக் கஸா முதலியவை பிடித்தன. இவ்வளவும் பலர் அறிந்த கதை. இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு.

2000-இல் எரிக் கார்லண்டும் நண்பர்களும் பிக் ஷாம்பெயின் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். பகிர்வு வலைகளில் மக்கள் எந்தப் பாடலைத் தேடுகிறார்கள், எவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுவதே அதன் தொழில். தேடுசொற்கள் கணினி விட்டுக் கணினி திறந்தபடியே சென்றதால் அது இயன்றது. இணைய முகவரியைக் கொண்டு ஊர்வாரியாகவும் பிரிக்க முடிந்தது.

1991 முதல் பில்போர்டு தரவரிசைக்கு அடிப்படையாயிருந்த சவுண்ட்ஸ்கேன், கடையில் விற்றதை மட்டுமே எண்ணியது. எந்தப் பாடலுக்காக இசைத்தட்டு வாங்கப்பட்டது என்பதை அது சொல்லாது. பகிர்வுக் கணக்கோ தனித்தனிப் பாடலின் செல்வாக்கையே காட்டியது. ஆகவே பெரிய இசை நிறுவனங்களே அதை விலைகொடுத்து வாங்கின. ஓர் ஊரில் ஒரு பாடல் மிகுதியாக இறக்கப்பட்டால், அவ்வூர் வானொலியிடம் கணக்கைக் காட்டி இன்னும் பலமுறை ஒலிபரப்பக் கேட்டன.

அதே காலத்தில்தான், 2003 செப்டம்பர் 8 அன்று, 261 தனிமனிதர்கள்மேல் இசைத்துறை வழக்குத் தொடுத்தது. அவர்களுள் நியூயார்க்கைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமியும் ஒருத்தி. 2,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது.

கணக்கு வாங்குவதை நிறுவனங்கள் வெளியே பேசத் தயங்கியதற்குக் காரணம் உண்டு. பகிர்வு வலைகளால் சட்டத்திற்கு உகந்த பயன் ஏதுமில்லை என்று வாதிடுவோர், தாமே அவற்றால் பயனடைவதை எப்படி ஒப்புக்கொள்வர்? 2005 ஜூனில் குரோக்ஸ்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. 2008 டிசம்பரில் தனிமனிதர்மேல் பெருவாரியாக வழக்குத் தொடுப்பதைக் கைவிடுவதாக அறிவித்தனர். 2011-இல் பிக் ஷாம்பெயினை லைவ் நேஷன் வாங்கியது.

ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யலாகாது என்கிறது குறள். சிறப்பே செய்ய வேண்டாம் என்று அது சொல்லவில்லை. தாம் ஒற்றர் என்பதையே அறியாத இந்த இளைஞர்களிடம் உளவையும் பெற்று, தண்டமும் வாங்கிய வணிகம் எந்த அதிகாரத்தில் அடங்கும்?