கொழுப்பு நுண்துகளும் பூண்டுலோயாவும்: மருந்து சென்றடைதலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவ வரலாறு எழுதுவோர் மருந்து கண்டறியப்பட்ட கதையையே பெரிதும் கூறுவர். கண்டறியப்பட்ட மருந்து உரிய இடத்தை எவ்வாறு சென்றடைந்தது என்னும் வினா பெரும்பாலும் அடுத்த நிலையிலேயே வைக்கப்படுகின்றது. மரபணு மருந்துகளைப் பொறுத்தவரை இவ்வரிசை தலைகீழாகின்றது. அங்கு சென்றடைதலே முதற் பிரச்சினையாகும். அப்பிரச்சினையை உயிர்க்கலத்தின் வாயிலிலும் தேயிலைத் தோட்டத்தின் வாயிலிலும் ஒருசேர வைத்து நோக்க இக்கட்டுரை முயல்கின்றது.

ஆர்.என்.ஏ. என்பது புரதம் ஆக்கும் கட்டளையைக் கலத்தினுள் ஏந்திச் செல்லும் மூலக்கூறு. அதனைத் தனித்து உடலில் விட்டால் குருதியிலுள்ள நொதியங்கள் விரைவிற் சிதைத்துவிடும். சிதையாது எஞ்சினும் மறை ஏற்றமுடைய அந்நீண்ட மூலக்கூறைக் கலமென்சவ்வு உள்ளே விடாது. மென்சவ்வோ கொழுப்பாலானது. எனவே கொழுப்பாலான வாயிலைக் கொழுப்புறை போர்த்தே கடக்க வேண்டியதாயிற்று. இன்று வழக்கிலுள்ள துகள் ஏறத்தாழ 100 நனோமீற்றர் பருமனுடையது. அதில் கொலஸ்திரோல், பொஸ்போலிப்பிட்டு, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாது காக்கும் ஒரு பொலிமர்க் கொழுப்பு, அமிலச் சூழலில் மட்டும் நேர் ஏற்றம் பெறும் கொழுப்பு என நான்கு கூறுகள் உள. இவற்றுள் இறுதியானதே இத்தொழில்நுட்பத்தின் உயிர்நாடி. குருதியில் அது ஏறத்தாழ நடுநிலையில் இருப்பதால் நச்சுத்தன்மை குறைகின்றது. கலம் துகளை விழுங்கி ஒரு நுண்பையில் அடைத்ததும் பையினுள் அமிலத்தன்மை பெருகும். அப்போது அக்கொழுப்பு ஏற்றம் பெற்றுப் பையின் சுவரைக் குலைக்க, ஆர்.என்.ஏ. வெளியேறுகின்றது. விழுங்கப்பட்டதில் மிகச் சிறு பங்கே இவ்வாறு தப்புகின்றது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

இத்துகள் ஒரு மேதையின் ஆக்கமன்று. 1960களில் இங்கிலாந்தின் பாப்ரகாமில், விலங்கு உடற்றொழிலியல் பற்றிய ஆய்வு நிலையமொன்றில், அலெக் பாங்காம் என்பார் நீரிலிட்ட பொஸ்போலிப்பிட்டுக்கள் தாமாகவே நுண்பைகளாக அமைவதைக் கண்டார். 1987இல் பிலிப் பெல்க்னரும் குழுவினரும் நேர் ஏற்றக் கொழுப்பினால் டி.என்.ஏ.யைக் கலத்தினுட் செலுத்தினர். ஈராண்டின் பின் ஆர்.என்.ஏ.யும் அவ்வாறு செலுத்தப்பட்டது. கனடாவின் பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பீற்றர் கலிஸ் குழுவினர் அமிலத்தில் ஏற்றம் பெறும் கொழுப்புக்களைப் பல்லாண்டுகள் செப்பனிட்டனர். 2005இல் கற்றலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும், மாற்றியமைத்த ஆர்.என்.ஏ. உடலின் அழற்சியைத் தூண்டாது என்று காட்டினர். 2023இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெயரறியா ஆய்வுகூட உதவியாளரின் உழைப்பும் பொதுப்பணமும் இவ்வரிசை நெடுகிலும் கலந்துள்ளன.

ஆயின் உழைப்பு சமூகத்தினுடையதாயிருக்க, விளைவு தனியுடைமையாயிற்று. கொழுப்புக்களுக்கு ஆக்கவுரிமை பெற்ற நிறுவனங்கள் 2022இல் தடுப்பூசி நிறுவனங்கள்மீது தொடுத்த வழக்குகளே இதற்குச் சான்று. 2018 ஓகஸ்டில் அமெரிக்கா அனுமதித்த பற்றிசிரான், கொழுப்புத் துகளில் ஏற்றப்பட்ட முதலாவது ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு மருந்து, பரம்பரையாய் வரும் ஓர் அரிய நரம்பு நோய்க்குரியது. ஓராண்டுக்கு அதன் அறிவித்த விலை 450,000 டொலர். இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஐந்து டொலர். கணக்கிட்டால் 90,000 நாட்கூலி வருகின்றது. மூன்று தலைமுறை கொழுந்து பறித்தாலும் தேறாத தொகை இது.

இனிப் பூண்டுலோயாவுக்கு வருவோம். நுவரெலியா மாவட்டத்தின் இச்சிற்றூர் பூச்சியியல் வரலாற்றில் இடம்பெற்றது. இங்கு தோட்டத் துரையாயிருந்த எட்வர்ட் ஏர்னெஸ்ட் கிறீன், கோப்பியைத் தாக்கிய பச்சைச் செதிற்பூச்சியை 1889இல் விவரித்துப் பெயரிட்டார். இலைநோயால் ஏலவே நலிந்திருந்த கோப்பிக்கு அப்பூச்சி மேலுமோர் அடியாயிற்று. இலங்கையின் செதிற்பூச்சிகள் பற்றிய அவரது பெருநூல் 1896 முதல் 1922 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. செதிற்பூச்சிகளிற் பல மெழுகுறை போர்த்தவை. உலகெங்கும் அக்காலத்தில் அவற்றை அழிக்க மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கலந்த பாற்குழம்பு தெளிக்கப்பட்டது. கொழுப்புறையைக் கொழுப்பால் வெல்லும் உத்தி முதலாளிக்குப் புதியதன்று. கிறீனின் புலமை மறுக்கவொண்ணாதது. எனினும் அப்பூச்சிக்குக் கிட்டிய கவனம் செடியைப் பேணிய மனிதருக்குக் கிட்டவில்லை.

அம்மனிதரின் உடலை மருந்து எவ்வகையிற் சென்றடைந்தது? தமிழகத்திலிருந்து வந்தோரை மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்துவைத்து, அம்மை குத்தியே கப்பலேற்றினர். அங்கு ஊசி உழைப்பை இறக்குமதி செய்தலின் ஒரு நிபந்தனை. 1916இல் ரொக்பெல்லர் அமைப்பினர் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். குருதிச்சோகையால் வேலைத்திறன் குறைகின்றது என்பதே துரைமாருக்கு எடுத்துரைக்கப்பட்ட நியாயம். மருந்து கொடுக்கப்பட்டது, புழு வெளியேறிற்று. மலசலகூடம் அமைக்கும் செலவைத் துரைமார் பலர் ஏற்கத் தயங்கினர். ஆதலால் அதே மண்ணிலிருந்து வெறுங்காலின் வழியே புழு மீண்டும் உட்புகுந்தது. குடலுக்கு மருந்தைச் சேர்ப்பித்த விஞ்ஞானத்தால் லயத்துக்கு ஒரு கூடத்தைச் சேர்ப்பிக்க முடியவில்லை.

2021இலும் பிரச்சினையின் அமைப்பு பெரிதும் மாறவில்லை. அவ்வாண்டு ஜூலை 5ஆந் திகதி இலங்கைக்கு வந்த முதற்றொகுதிப் பைசர் ஊசிகள் 26,000 மட்டுமே. அதே மாதம் 16ஆந் திகதி அமெரிக்கா கோவக்ஸ் திட்டத்தினூடாக 15 இலட்சம் மொடேர்னா ஊசிகளை வழங்கிற்று. பைசருக்கு மறை 70 பாகை அளவிலும் மொடேர்னாவுக்கு மறை 20 பாகையிலும் உறைகுளிர் வேண்டியிருந்தது. நாட்டு மக்களிற் பெரும்பான்மையோர் பெற்றதோ சாதாரண குளிரில் வைக்கத்தக்க, கொழுப்புத் துகள் இல்லாத சீனத்துச் சினோபாம். அவர்களைக் கொழுப்புத் துகள் முதன்முதலிற் சென்றடைந்தது, அவ்வாண்டு நவம்பரில் தொடங்கிய மூன்றாம் ஊசியின் வழியாகவே.

அறிவைப் பொதுவாக்கும் கோரிக்கை எழாமலில்லை. இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 ஒக்டோபரில் உலக வர்த்தக நிறுவனத்தின் முன் அதனை வைத்தன. 2022 ஜூனில் மிகச் சுருங்கிய வடிவிலேயே தீர்மானம் வந்தது. இதற்கிடையில், 2022 தொடக்கத்தில், கேப்டவுனிலுள்ள அவ்ரிஜென் நிறுவனம் வெளியாகியிருந்த தகவல்களைக் கொண்டே, மொடேர்னாவின் உதவியின்றி, அவ்வூசியின் ஆய்வுகூட வடிவத்தை ஆக்கியது. பூனேயின் ஜெனோவா நிறுவனம் உருவாக்கிய ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு 2022 ஜூனில் இந்தியா அவசர அனுமதி அளித்தது. இந்நிறுவனத்தின் தாய்க் கம்பனியும் கொழுப்பு ஊர்தியின் உரிமை தொடர்பாக அமெரிக்க நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டது வேறு கதை. உறையவைத்து உலர்த்தித் தூளாக்கப்பட்ட அவ்வூசி 2 முதல் 8 பாகைக் குளிரில் நிற்கும். அத்தகைய குளிரைத் தருவதற்குச் சாதாரண மருந்துக் குளிர்பெட்டியும் தடையற்ற மின்சாரமும் போதும்.