கொழும்பு மாநகரின் குடிநீரும் புதிய மாசுகளும்

மேற்கே கடல், கிழக்கே பேரை வாவி என இரு நீர்ப்பரப்புகளுக்கு நடுவே அமைந்தது கொள்ளுப்பிட்டி. ஆயினும் அங்கு வாழ்வோர் பருகும் நீர் இவ்விரண்டினின்றும் பெறப்படுவதன்று. கோட்டைக்கு அரணாகும் பொருட்டுப் போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டில் அமைத்த அவ்வாவி, நகர் பெருகப் பெருக அதன் கழிவையெல்லாம் ஏற்று, பாசி படர்ந்து நாற்றமெடுத்தது.

அண்மை நீர் கெட்டவிடத்துச் சேய்மை நீரை நாடுதல் பழைய வழி. வாந்திபேதி நீர்வழியே பரவுதலை 1854 இல் இலண்டனில் ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர் நிறுவிய பின்னர், அவ்வழி அறிவியலின் துணையையும் பெற்றது. இலபுகமவில் அணைகட்டித் தேக்கிய நீர் 1886 இல் குழாய்வழியே மாளிகாகந்தையை அடைந்தது. மனிதர் குடியிராத காடு அந்நீருக்குக் காவலாயிற்று. கழிவுநீரோ பின்னாளில் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுள் விடப்பட்டது. நன்னீரைத் தொலைவிலிருந்து கொணர்தல், தீநீரைத் தொலைவிற்கு அகற்றல்: கொழும்பின் சுகாதாரம் நெடுங்காலம் இவ்விரண்டையுமே நம்பி நின்றது.

மக்கட்டொகை மிக, களட்டுவாவைத் தேக்கமும் போதாதாயிற்று. களனி கங்கை நீரை அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரிக்கத் தொடங்கியபோது அத்தொலைவு கைநழுவியது. அவிசாவளை, ஹங்வெல்லை, கடுவெலை ஆகிய ஊர்களைக் கடந்தே ஆறு அவ்விடத்தை அடைகின்றது. பியகமைக் கைத்தொழில் வலயமும் அதற்கு மேற்புறத்ததே. 2015 ஆகஸ்டில் அப்பகுதித் தொழிற்சாலையொன்றிலிருந்து டீசல் எண்ணெய் ஆற்றிற் கலந்தமையால் அம்பத்தலையில் நீரெடுத்தல் நிறுத்தப்பட்டது. எண்ணெய்க்கு மணமுண்டு; நிறமுண்டு. ஆகவே மதகை மூட முடிந்தது. மணமும் நிறமுமற்ற மாசிற்கு எம்மதகை மூடுவது?

மருந்துகளின் எச்சம், நுண்பிளாஸ்ரிக்குத் துகள், எளிதிற் சிதையாத புளோரீன் சேர்வைகள் முதலியவற்றையே அறிஞர் 'புதிதாய் வெளிப்படும் மாசுகள்' என்பர். இவற்றுட் பல நெடுங்காலமாக நீரிற் கலந்திருந்தவையே. புதியது அவற்றை அளக்கும் கருவி. ஹைதராபாத்தை அடுத்த பட்டன்செருவில், மருந்தாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளிவிட்ட நீரில், சிப்ரோபுளொக்சசின் என்னும் நுண்ணுயிர்கொல்லி லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததைச் சுவீடன் ஆய்வாளர் 2007 இல் வெளியிட்டனர். மருந்துண்ட நோயாளியின் குருதியிற் காணப்படும் அளவிலும் அது மிகுதி! அத்தகைய நீரில் வாழும் பற்றீரியாக்கள் மருந்துக்கு மசியா வன்மை பெறுகின்றன.

மணல் வடிகட்டியும் குளோரீனும் கிருமியை வெல்ல அமைந்தவை. கரைந்த மருந்தை அகற்ற அமைந்தவையல்ல. அன்றியும், இயற்கையாய் நீரிலுள்ள மக்கிய பொருள்களோடு குளோரீன் கூடிக் குளோரபோமைத் தோற்றுவித்தலை 1974 இல் ஒல்லாந்து இரசாயனர் ரூக் எடுத்துக்காட்டினார். காவலனே ஐயத்திற்கு உரியவனானான். எனினும் குளோரீனைக் கைவிட்டவிடத்து வாந்திபேதி மீளக்கூடும். ஆதலின் அதனை அளவறிந்து வழங்குதலே தக்கது.

ஓசோனும் உயிர்ப்பூட்டிய கரியும் இம்மாசுகளுட் பலவற்றைக் குறைக்க வல்லன. சுவிற்சர்லாந்து 2016 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால், தெரிந்தெடுத்த கழிவுநீர் நிலையங்களில் இம்முறைகளைப் புகுத்தியது. அங்கே சுத்திகரிப்பு, நீர் ஆற்றிற் சேருமுன்னரே நிகழ்கின்றது. கொழும்பிற்கும் அம்பத்தலையிற் கரி சேர்ப்பதினும், ஆலைகளினதும் மருத்துவமனைகளினதும் வாயிலிலேயே கழிவைத் தடுப்பது செலவிற் சிறிதாகும், பயனிற் பெரிதாகும். இலபுகமவைச் சூழ்ந்த காடு இன்றும் காக்கப்பட்டு நிற்கின்றது. களனிக் கரையிலோ அத்தகைய காடில்லை.