மலை ஒன்று, சாதிச் சான்று வேறு

2017 செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் 18 சட்டமன்ற உறுப்பினர்களைத் தகுதி நீக்கம் செய்தார். எங்கள் ஏற்காட்டு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் தொகுதிகளும் அதில் அடக்கம் என்பதால், மலைமேல் கொட்டச்சேட்டில் காபிக்காட்டு வேலைக்குப் போகிறவர்கள் வரைக்கும் ‘டிஸ்குவாலிஃபை’ என்று பேசினார்கள். அந்தப் பதினெட்டுப் பேருக்கு வழக்காட நீதிமன்றம் இருந்தது. எந்தத் தப்பும் செய்யாமலேயே தலைமுறை தலைமுறையாகத் தகுதி இல்லாமல் கிடக்கிற ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். அவர்கள் எங்கள் சனம்.

நாங்கள் மலையாளிகள். பெயரைக் கேட்டதும் கேரளமா என்பார்கள். மலையை ஆளுகிறவர்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி ஆளுக்கொரு மலை ஏறினார்கள் என்பது எங்கள் வழிவழிக் கதை. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் நாங்கள்தான்: 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கு மேல்.

கொல்லிமலையில் ஒரு கல்யாணத்தில் பர்கூர் மலைக்காரர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவரும் மலையாளி. அவர் பிள்ளைக்கு எஸ்டி சான்று கிடையாது. பர்கூர் ஈரோடு மாவட்டம் என்பதைத் தவிர வேறு காரணமும் கிடையாது.

மாவட்டத்தை வைத்து எழுதிய பட்டியலால் வந்த வினை இது. 1956இல் திருத்திய பட்டியலில் மலையாளிகளுக்கு வட ஆற்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி என்று மாவட்டம் குறித்தார்கள். பர்கூர் அன்றைக்குக் கோயம்புத்தூரில் இருந்தது. கோவையின் பெயர் அதில் இல்லை. 1976இல் வந்த திருத்தச் சட்டம் மாநிலத்துக்குள் இப்படிப்பட்ட வட்டார எல்லைகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டது. ஆனால் எங்கள் பெயருக்கு எதிரே மாவட்ட அடைப்புக்குறி நின்றுவிட்டது: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. 1979இல் கோவையைப் பிரித்து உண்டாக்கிய பெரியார் மாவட்டம்தான் இன்றைய ஈரோடு. பர்கூர் மலையும், எங்கள் சனம் இருக்கிற கடம்பூர் மலையும் அதனோடு போயின.

கொல்லிமலை 1997இல் நாமக்கல் மாவட்டத்துக்குப் போனது. பட்டியலில் நாமக்கல் என்ற பெயரே இல்லை. ஆனாலும் பழைய சேலத்து மண் என்பதால் அங்கே தகுதி நிலைத்தது. கல்வராயன் மலை கள்ளக்குறிச்சிக்குப் போனபோதும் அப்படித்தான். எல்லைக்கோட்டை அரசு எத்தனை முறை மாற்றிப் போட்டாலும், பட்டியலின் கோட்டுக்கு வெளியே நின்றவன் வெளியேதான் நிற்கிறான். இதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

சான்று இல்லாவிட்டால் கல்வி உதவித்தொகை இல்லை, வேலையில் இட ஒதுக்கீடு இல்லை. மாநிலத்தின் 234 தொகுதிகளில் பழங்குடிக்கு இரண்டுதான், ஏற்காடும் சேந்தமங்கலமும். பர்கூர் மலையாளி இந்த இரண்டிலும் வேட்புமனு போட முடியாது. எங்கள் பக்கத்திலும் சான்று எளிதில் கைக்கு வருவதில்லை. 1989 நவம்பரிலிருந்து எஸ்டி சான்று கொடுக்கும் அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியருக்குப் போய்விட்டது. பெயருக்குப் பின்னால் ‘கவுண்டர்’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, “நீங்க எப்படிம்மா பழங்குடி?” என்று ஓர் அலுவலகத்தில் என்னையே கேட்டார்கள்.

நீதிமன்றம் போயும் பயனில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 342ஆம் பிரிவின்படி பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ எடுக்கவோ நாடாளுமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் என்று 2000இல் மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. நரிக்குறவர்களுக்கு 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த வாசலைத் திறந்தது. அந்தச் சட்டத்திலேயே எங்கள் பெயருக்கு எதிரே ‘ஈரோடு’ என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை.