தாடை எலும்பு சொல்லும் வரலாறு: தீக்குச்சி முதல் மருந்து வரை

வரலாற்றுக் கட்டுரை என்றாலே அரசர், போர், ஒப்பந்தம் என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறோம். ஒரு நோய்க்கும் வரலாறு உண்டு. எலும்பை வலுப்படுத்தும் மருந்துகள் சிலருக்குத் தாடை எலும்பைப் பாதிப்பது இன்று மருத்துவர்கள் பேசும் செய்தி. இதே பாதிப்பை உலகம் 19-ஆம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டது. அங்கிருந்து தொடங்குவோம்.

1. தீக்குச்சித் தொழிற்சாலை

1830களில் வெள்ளைப் பாஸ்பரஸ் கலந்த தீக்குச்சி ஐரோப்பாவில் பரவியது. எங்கே உரசினாலும் பற்றும், விலையும் மலிவு. ஆனால் அதைச் செய்தவர்கள் நாள் முழுக்கப் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்தார்கள். முதலில் பல்வலி. பிறகு ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும். கடைசியில் தாடை எலும்பு செத்துப்போய் வெளியே தெரியும். 1845-இல் வியன்னா மருத்துவர் லோரின்சர், இந்த நோயாளிகள் தீக்குச்சித் தொழிலாளர்கள் என்பதைக் கவனித்துப் பதிவு செய்தார்.

காரணம் தெரிந்தும் வேலை நிற்கவில்லை. 1888 ஜூன் மாதம், கிழக்கு லண்டனில் பிரயண்ட் அண்ட் மே தொழிற்சாலைப் பெண்களின் நிலை பற்றி அன்னி பெசன்ட் கட்டுரை எழுதினார். குறைந்த கூலி, எதற்கெடுத்தாலும் அபராதம். அடுத்த மாதமே ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அபராதம் நீங்கியது, பாஸ்பரஸ் படாமல் சாப்பிடத் தனி அறையும் கிடைத்தது. இந்த அன்னி பெசன்ட்தான் பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, 1917-இல் காங்கிரஸ் தலைவரானவர். பெசன்ட் நகர் அவர் பெயரில்தான் இருக்கிறது.

வேலைநிறுத்தம் வென்றாலும் வெள்ளைப் பாஸ்பரஸ் போகவில்லை. அந்த நிறுவனம் அதை 1901-இல்தான் கைவிட்டது. 1906-இல் பெர்ன் நகரில் பல நாடுகள் தடை ஒப்பந்தம் செய்தன. லோரின்சர் எழுதி அப்போது 61 ஆண்டுகள் ஆகியிருந்தன! இந்தியாவில் தடைச் சட்டம் 1913-இல் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923-இல். அதாவது, தடை வந்து பத்தாண்டு கழித்து. இன்று குவீன் தெரு மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்ற நாம் உரசும் பெட்டியின் பக்கத்தில் இருப்பது நச்சுத்தன்மை குறைந்த சிவப்புப் பாஸ்பரஸ்.

2. ஒளிரும் கடிகாரம்

இரண்டாவது முறை இதே தாடை, வேறு நஞ்சு. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில், கடிகார எண்கள் இருட்டில் ஒளிர்வதற்காக இளம்பெண்கள் ரேடியம் கலந்த வண்ணம் பூசினார்கள். தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி ரேடியம் வயிற்றுக்குள் போய் எலும்பில் தங்கியது. 1924-இல் பல் மருத்துவர் தியோடர் பிளம் இதற்கு 'ரேடியம் தாடை' என்று பெயரிட்டார்.

3. மருந்தின் மறுபக்கம்

நம் எலும்பு உயிருள்ள பொருள். பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும் புதியதைக் கட்டும் உயிரணுக்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. வயதானால், முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, கரைவது அதிகமாகி எலும்பு மெலிகிறது. 1960களில் சுவிட்சர்லாந்தின் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் குழுவினர் பிஸ்பாஸ்பனேட் என்ற வேதிப்பொருள் எலும்பு கரைவதைத் தடுப்பதைக் கண்டார்கள். அதுவரை அந்த வகைப் பொருள் நீர்க்குழாயில் சுண்ணாம்பு படியாமல் தடுக்கப் பயன்பட்டது! 1995-இல் அலென்ட்ரோனேட் மாத்திரைக்கு எலும்பு மெலிவு நோய்க்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு இதே வகை மருந்தை அதிக அளவில் நரம்பு வழி ஏற்றுகிறார்கள்.

2003-இல் மயாமியின் வாய் அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ், இம்மருந்து பெற்ற 36 பேருக்குத் தாடை எலும்பு வெளியே தெரிந்ததை எழுதினார். பின்னர் வந்த டெனோசுமாப் ஊசியிலும் இந்தப் பாதிப்பு தென்பட்டது. பாஸ்பரஸ் ஆவி தொழிலாளர் உடலுக்குள் பிஸ்பாஸ்பனேட் போன்ற பொருளாகவே மாறியிருக்கலாம் என்றும் சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஏன் தாடை மட்டும்னு மாணவர்கள் கேட்பார்கள். தாடையை மூடும் ஈறு மெல்லியது. வாயில் கிருமிகள் அதிகம். பல்லைப் பிடுங்கினால் எலும்பு தன்னைத்தானே பழுதுபார்க்க வேண்டும். அந்த வேலையைத்தான் மருந்து மெதுவாக்கி வைத்திருக்கிறது.

4. ஒற்றுமையும் வேற்றுமையும்

மூன்று முறையும் நோய் வாயில்தான் தெரிந்தது. "என்ன வேலை செய்றீங்க? என்ன மருந்து எடுக்கிறீங்க?" என்ற கேள்வியில்தான் காரணம் பிடிபட்டது. இது ஒற்றுமை.

வேற்றுமை பெரியது. வெள்ளைப் பாஸ்பரஸுக்கு மாற்று இருந்தது. தடை செய்தார்கள், நோய் போனது. இம்மருந்தோ இடுப்பெலும்பு, முதுகெலும்பு முறிவிலிருந்து காப்பாற்றுகிறது. எலும்பு மெலிவுக்கு எடுப்பவர்களில் 10,000 பேரில் ஒரு சிலருக்கே தாடை பாதிப்பு வருகிறது. புற்றுநோய்க்கு அதிக அளவில் பெறுபவர்களில் 100-க்கு 5-க்கும் குறைவு. ஆகவே இங்கே தீர்வு தடை அல்ல, முன்னெச்சரிக்கை:

• மருந்து தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல்லை முதலிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.
• பல் பிடுங்கப் போகும்போது மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியையும், பல ஆண்டுக்கு முன் எடுத்த மருந்தையும் விடக் கூடாது.
• பயந்து தாமாக நிறுத்தக் கூடாது. டெனோசுமாப் ஊசியைத் திடீரென விட்டால் முதுகெலும்பு முறியும் அபாயம் உண்டு.
• ஈறில் எலும்பு தெரிந்தாலோ, பல் பிடுங்கிய புண் ஆறாவிட்டாலோ உடனே காட்ட வேண்டும்.

பினாங்கில் நம் வீட்டுப் பாட்டிமார் பலர் பல் மருத்துவரிடம் போனால் இரத்த அழுத்த மாத்திரையை, இனிப்புநீர் மாத்திரையை மட்டும்தான் சொல்வார்கள். வாரம் ஒருமுறை விழுங்கும் எலும்பு மாத்திரை நினைவிலேயே இருக்காது. உடன் போகும் பேரப்பிள்ளைகள் அதை எடுத்துச் சொல்லலாம்.

சிந்தனை வினாக்கள்

1. காரணம் 1845-இல் தெரிந்தும் ஒப்பந்தம் 1906 வரை தாமதமானது ஏன்? இரு காரணங்களை விளக்குக.
2. 'தீங்கு தரும் பொருளை எல்லாம் தடை செய்வதே தீர்வு.' கட்டுரையின் துணைகொண்டு ஆதரித்தோ மறுத்தோ எழுதுக.
3. வீட்டில் ஒரு முதியவர் எடுக்கும் மருந்துகளின் பெயர்களைக் கேட்டு, பல் மருத்துவரிடம் காட்ட ஏற்றவாறு பட்டியல் தயாரித்துக் கொடுக்க.